ஷூமானின் பிற்காலப் படைப்புகளை உலகம் கேட்ட விதம்

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மகள் செல்லோ படிக்கிறாள். ஆடிஷனுக்கு 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமானின் செல்லோ கான்செர்ட்டோவில் (ஒரு தனி வாத்தியம் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிக்கும் படைப்பு) முதல் பகுதியைத் தயார் செய்யச் சொல்லியிருக்கிறார் டீச்சர். வீட்டிலிருக்கும் பழைய இசைத்தட்டின் உறையில், மனநலம் சரியத் தொடங்கிய காலத்தில் எழுதியது, இளமையின் வேகம் இதில் இல்லை என்ற பொருளில் ஒரு குறிப்பு இருக்கிறது. அண்மையில் கச்சேரிக்குப் போனபோது கையில் கிடைத்த குறிப்போ அதே காலத்துப் படைப்புகளைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறது. எது சரி, எப்போது மாறியது, இந்தப் பாட்டுக்காக மகள் ஆறு மாதம் செலவழிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சிங்கப்பூரில் வயலின், செல்லோ மாணவர்களின் தேர்வுகளுக்கும் ஆடிஷன்களுக்கும் கூடப் பியானோ வாசிப்பது என் தொழில். ஷூமானின் பிற்கால ஆர்கெஸ்ட்ரா பகுதிகளைப் பியானோவுக்குச் சுருக்கிய வடிவில் பல வருடங்களாக வாசித்துவருகிறேன். அதனால் கொஞ்சம் சாய்வோடுதான் பேசுவேன். என் பதில் இதுதான்: பழைய உறையை எழுதியவரும் புதிய குறிப்பை எழுதியவரும் பெரும்பாலும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். இரண்டு பேருமே நோயைத்தான் கேட்கிறார்கள். நோயால் இசை கெட்டது என்கிறார் ஒருவர். நோயால் ஆழமானது என்கிறார் மற்றவர். இடைப்பட்ட காலத்தில் இந்தப் படைப்புகளைத் தூக்கி நிறுத்தியது, உட்கார்ந்து பொறுமையாக வாசித்துப் பார்த்தவர்கள்.

வாழ்க்கைக் கதை பலருக்குத் தெரியும், வேகமாகக் கடந்துவிடுகிறேன். ஷூமான் 1810இல் பிறந்தவர். 1850 செப்டம்பரில் டுசெல்டார்ஃப் நகரின் இசை இயக்குநராகக் குடும்பத்தோடு அங்கே போனார். எழுதுவதில் மேதை, கண்டக்டராக நின்றால் தடுமாற்றம். 1853 இலையுதிர் காலத்தில், இனி உங்கள் சொந்தப் படைப்புகளை மட்டும் நடத்தினால் போதும் என்று நிர்வாகக் குழுவினர் சொல்லும் நிலை வந்தது. 1854 பிப்ரவரி 27 அன்று ரைன் நதியில் குதித்தார். காப்பாற்றினார்கள். மார்ச் மாதம் பான் நகருக்கு அருகே எண்டனிஷ் என்ற இடத்திலிருந்த மனநல விடுதிக்குப் போனவர், 1856 ஜூலையில் அங்கேயே இறந்தார்.

இப்போது உங்கள் இசைத்தட்டு உறைக்கு வருவோம். செல்லோ கான்செர்ட்டோ எழுதப்பட்டது 1850 அக்டோபரில், சுமார் இரண்டு வாரத்தில். அதை முடித்த கையோடு, நவம்பர் தொடங்கி டிசம்பருக்குள், ஷூமான் தன் மூன்றாம் சிம்பொனியை எழுதி முடித்தார். அதுதான் 'ரைனிஷ்'. ரைன் கரையின் வெளிச்சமும் உற்சாகமும் நிறைந்தது என்று எல்லாரும் கொண்டாடும் அதே சிம்பொனி. 1851 பிப்ரவரியில் அவரே நடத்திய முதல் நிகழ்ச்சி பெரிய வெற்றி. அக்டோபரில் நோயாளி, நவம்பரில் ஆரோக்கியசாலி என்றால் அந்த நோய் நாட்காட்டி பார்த்து வந்துபோகிற நோயாகத்தான் இருக்க வேண்டும்.

இந்த 'பிற்காலம்' எங்கே தொடங்குகிறது என்பதிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரு சாரார் 1844இல் அவருக்கு வந்த பெரிய உடல்நலச் சரிவுக்குப் பிறகு எல்லாமே இறக்கம் என்பார்கள். வேறு சிலர் டுசெல்டார்ஃப் போனதிலிருந்து என்பார்கள். இன்னும் சிலர் 1852, 53 என்று கோட்டைத் தள்ளிப் போடுவார்கள். தனக்குப் பிடிக்காத படைப்பு எங்கே இருக்கிறதோ அதற்குக் கொஞ்சம் முன்னால் கோடு போடுவதுதான் பெரும்பாலும் நடந்தது. பிடித்தது ஏதாவது கோட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டால், அது 'விதிவிலக்கு'. ரைனிஷ் விதிவிலக்கானது அப்படித்தான். 1849ஐத் தன் மிக விளைச்சலான ஆண்டு என்று ஷூமானே சொல்லியிருக்கிறார் என்பதும் இந்தக் கோடு போடுபவர்களுக்குச் சங்கடம்.

அவர் உயிரோடு இருந்தபோது நிலைமை இவ்வளவு மோசமில்லை. 1853 மே மாதம் கீழ் ரைன் இசை விழாவில் டி மைனர் சிம்பொனியின் திருத்திய வடிவத்தை அவரே நடத்தி நல்ல வரவேற்பைப் பெற்றார். அந்த ஆண்டின் கடைசி இரண்டு மாதங்களில் அவரும் மனைவி, பியானோ கலைஞர் கிளாராவும் நெதர்லாந்தில் சுற்றுப்பயணம் போனார்கள். போன ஊரிலெல்லாம் ஷூமானின் இசைக்கு மரியாதை. ரைனில் குதித்ததற்கு இரண்டு மூன்று மாதம் முந்தைய நிலை இது. பாராட்டும் குறையும் கலந்த, ஒரு பெரிய இசையமைப்பாளருக்கு வழக்கமாகக் கிடைக்கிற வரவேற்புதான். 1854 பிப்ரவரிக்குப் பிறகுதான் எல்லாரும் பின்னோக்கிப் படிக்க ஆரம்பித்தார்கள். 1858இல் வந்த முதல் வாழ்க்கை வரலாறு இதை உறுதிப்படுத்தியது. எழுதியவர் வசியலெவ்ஸ்கி, டுசெல்டார்ஃபில் ஷூமானின் ஆர்கெஸ்ட்ராவில் முதல் வயலின் வாசித்தவர். கூடவே இருந்தவர் சொல்கிறாரே என்று அவருடைய சரிவுக் கதை பல தலைமுறைக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது. கிளாராவுக்கு அந்தப் புத்தகம் பிடிக்கவில்லை.

ஆனால் கிளாராவின் பங்கையும் சொல்லாமல் இருக்க முடியாது. அவரை வில்லி ஆக்கவில்லை, தயவுசெய்து அப்படிப் படிக்காதீர்கள். ஏழு பிள்ளைகளோடு தனியாக நின்று, மேடை மேடையாக வாசித்துக் குடும்பத்தையும் கணவர் பெயரையும் காத்தவர். செல்லோ கான்செர்ட்டோவை அவர் மிகவும் ரசித்தார், அதன் புத்துணர்ச்சியையும் குறும்பையும் நாட்குறிப்பில் பாராட்டினார். 1853 அக்டோபரில் எழுதப்பட்ட 'விடியற்காலைப் பாடல்கள்' என்ற ஐந்து பியானோ துண்டுகளைப் பற்றி, புதுமையானவை, ஆனால் பிடிபடுவது கஷ்டம் என்று குறித்துவைத்தார். நேர்மையான, நல்ல காது உள்ளவரின் குறிப்பு. பிரச்சினை பிறகு வந்தது. கணவரின் பெயருக்கு இழுக்கு வந்துவிடக் கூடாது என்ற பயத்தில் கடைசிப் படைப்புகளில் சிலவற்றை அவர் வெளியே விடவில்லை. 1881 முதல் 1893 வரை, குடும்ப நண்பரான இசையமைப்பாளர் பிராம்ஸின் துணையோடு அவர் கொண்டுவந்த முழுத் தொகுப்பில் வயலின் கான்செர்ட்டோ இல்லை. செல்லோவுக்கும் பியானோவுக்கும் 1853இல் எழுதப்பட்ட ஐந்து ரொமான்ஸ்களை 1893இல் அவரே அழித்துவிட்டார். உங்கள் மகள் வாசித்திருக்க வேண்டிய ஐந்து துண்டுகள். செல்லோக்காரர்கள் இதை இன்னும் மறக்கவில்லை. ஹைன்ஸ் ஹோலிகர் என்ற சுவிஸ் இசையமைப்பாளர், அந்தச் சாம்பலை வைத்து 2003இல் செல்லோவுக்கும் பியானோவுக்கும் ஒரு படைப்பே எழுதினார்.

இதற்கு மேல் ஒரு கட்சி அரசியல். 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ஜெர்மன் இசை உலகம் இசையமைப்பாளர்கள் லிஸ்ட், வாக்னர் பக்கம் ஒன்றும் பிராம்ஸ், வயலின் கலைஞர் யோவாகிம் பக்கம் ஒன்றுமாகப் பிரிந்து கிடந்தது. முதல் கட்சிக்கு இளம் ஷூமான் போதும். 'கார்னிவல்', 'கிரைஸ்லரியானா' எழுதிய புரட்சிக்காரர் பிறகு பழமைவாதியாகிவிட்டார் என்பது அவர்களுக்கு வசதியான கதை. இரண்டாவது கட்சி ஷூமானைத் தங்கள் குலதெய்வமாக வைத்திருந்தது, ஆகவே பலவீனம் என்று யாராவது சொல்லக்கூடியதைக் காட்ட அவர்களுக்கு மனமில்லை. மொத்தத்தில் பிற்காலப் படைப்புகளுக்காகப் பேச ஆளில்லை. தாக்கியவர்களைவிட இந்த மௌனம்தான் அதிகம் கெடுத்தது என்று நினைக்கிறேன். இத்தனைக்கும் பிராம்ஸ் உள்ளுக்குள் இந்த இசையில் ஊறியவர். ரைனில் குதிப்பதற்குச் சில நாள் முன்பு, தேவதைகள் சொல்லித் தந்ததாக நினைத்து ஷூமான் எழுதிவைத்த ஒரு மெட்டை எடுத்து, 1861இல் நான்கு கைப் பியானோவுக்கு மாறுபாடுகள் (ஒரே மெட்டை வெவ்வேறு விதமாக மாற்றி எழுதுவது) எழுதினார். அந்த மெட்டின் மேல் ஷூமானே எழுதிய மாறுபாடுகள் முழுமையாக அச்சானது 1939இல்தான்.

சரி, வயலின் கான்செர்ட்டோ. வரவேற்பு மாறிய கதை முழுவதும் இந்த ஒரே படைப்பில் அடங்கியிருப்பதால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

1853 செப்டம்பர் கடைசியில் தொடங்கி அக்டோபர் மூன்றாம் தேதிக்குள் எழுதி முடித்தார். யோசெஃப் யோவாகிம் என்ற இளம் வயலின் மேதைக்காக. அந்த நாட்களில்தான் இருபது வயது பிராம்ஸ் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினார், வீடே கலகலப்பாக இருந்தது. 1854 ஜனவரியில் ஹானோவரில், ஷூமான் உட்கார்ந்து கேட்க, யோவாகிம் ஆர்கெஸ்ட்ராவோடு ஒருமுறை வாசித்துப் பார்த்தார். ஒத்திகைதான், கச்சேரி இல்லை. அடுத்த மாதம் ரைன் சம்பவம். அதற்குப் பிறகு யோவாகிம் அதை மேடையில் வாசிக்கவே இல்லை. 1898இல் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதிக்கொண்டிருந்த மோசருக்கு ஒரு கடிதம் எழுதினார். மெதுவான நடுப்பகுதியின் அழகை அவர் மறுக்கவில்லை. ஆனால் ஒருவிதக் களைப்பு தெரிகிறது, கடைசிப் பகுதி கனத்துக் கிடக்கிறது, வயலினுக்கு அவ்வளவு உழைப்புக் கொடுத்தும் எடுபடவில்லை என்றார். யோவாகிமே இப்படிச் சொன்னால் யார் மறுத்துப் பேசுவார்கள்? 1907இல் அவர் இறந்த பிறகு கையெழுத்துப் பிரதி பெர்லின் அரச நூலகத்துக்குப் போனது, ஷூமான் இறந்து நூறு வருடம் ஆகும் 1956 வரை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையோடு.

அப்புறம் நடந்தது சினிமாவில் வந்தால் நம்ப மாட்டோம். யோவாகிமின் உறவுக்காரப் பெண்களான இரண்டு வயலின் கலைஞர்கள், யெலி தராணியும் அவர் அக்கா அடிலா ஃபச்சிரியும், 1933இல் லண்டனில் ஆவியோடு பேசும் கூட்டம் ஒன்றில் ஷூமானின் ஆவி வந்து, என் கான்செர்ட்டோவைத் தேடி வாசி என்று கேட்டதாகச் சொன்னார்கள். (மோசருக்கு எழுதிய கடிதம் அச்சில் இருந்ததால், அப்படி ஒரு படைப்பு இருப்பது ஆவி சொல்லாமலேயே தெரியக்கூடிய விஷயம்தான்.) 1937இல் ஷாட் பதிப்பகம் ஸ்கோரை இளம் வயலின் கலைஞர் யெகூதி மெனுகினுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டது. அவர் துள்ளிக் குதித்தார். பேத்தோவனுக்கும் பிராம்ஸுக்கும் நடுவில் காணாமல் போயிருந்த கண்ணி இது என்றார். சான் பிரான்சிஸ்கோவில் தானே முதலில் வாசிக்க ஏற்பாடும் செய்தார்.

ஜெர்மனியின் நாஜி அரசு விடவில்லை. மெண்டல்சோன் யூதர் என்பதால் அவருடைய வயலின் கான்செர்ட்டோவை மேடையிலிருந்து ஒதுக்கியிருந்தார்கள். அந்த இடத்தில் வைக்க 'சுத்த ஜெர்மன்' ரொமாண்டிக் கான்செர்ட்டோ ஒன்று தேவைப்பட்டது. 1937 நவம்பர் 26 அன்று பெர்லினில், பிரசார அமைச்சர் கோயபல்ஸ் பேசிய ஒரு அரசு விழாவில், வயலின் கலைஞர் கியோர்க் குலன்காம்ஃப் அதை முதன்முதலாக வாசித்தார். கார்ல் பூம் நடத்தினார், வானொலியில் ஒலிபரப்பினார்கள். வாசித்தது ஷூமான் எழுதியது அப்படியே இல்லை. வயலின் பகுதி வெகுவாகத் திருத்தப்பட்டிருந்தது. திருத்தியதில் இசையமைப்பாளர் ஹிண்டமித்துக்குப் பங்கு உண்டு, பெயர் போடாமல். ஏனென்றால் அவருடைய சொந்த இசையை அதே அரசு தடை செய்திருந்தது! ஷூமானின் மகள் யூஜினி, எண்பத்தைந்து வயது தாண்டியவர், அம்மாவின் முடிவை மீறாதீர்கள் என்று எதிர்ப்புத் தெரிவித்தும் பயனில்லை. மெனுகின் டிசம்பரில் அமெரிக்காவில், திருத்தங்களை ஒதுக்கிவிட்டு எழுதியபடியே வாசித்தார். யெலி தராணி 1938 பிப்ரவரியில் லண்டனில் வாசித்தார்.

இவ்வளவு கூத்துக்குப் பிறகு இந்த இசையை நியாயமாக யார் கேட்டிருக்க முடியும்? பிறந்தபோது பைத்தியம் என்ற பழி, வெளியே வந்தபோது நாஜி முத்திரை, கூடவே ஆவிக் கதை. ஷெரிங் மாதிரி வயலின் கலைஞர்கள் ஒருசிலர் 1960களில் பதிவு செய்தார்கள். ஆனால் பொதுவாக, விசித்திரமானது, சுமாரானது என்ற பெயர் போகவில்லை.

மாற்றம் வந்த இடத்தைக் காட்ட வேண்டுமென்றால் கடைசிப் பகுதியின் வேகத்தைக் காட்டுவேன். ஷூமான் மேலே எழுதியிருப்பது, உயிர்ப்போடு, ஆனால் வேகமாக வேண்டாம் என்று. மெட்ரோனோம் (தாள வேகம் காட்டும் கருவி) குறி நிமிடத்துக்கு 63 அடி. மூன்று அடி கொண்ட பொலனேஸ் தாளம், அதாவது ஒரு ஆவர்த்தனம் கிட்டத்தட்ட மூன்று விநாடி. நல்ல மெதுவான நடை. கான்செர்ட்டோவின் கடைசிப் பகுதி என்றால் பறக்க வேண்டும், கைதட்டு வாங்க வேண்டும் என்று பழகிய வயலின்காரர்கள் இதை நம்பவில்லை. அவருடைய மெட்ரோனோமே பழுது என்ற கதை 19ஆம் நூற்றாண்டிலேயே கிளம்பியிருந்தது. ஆகவே வேகமாக வாசித்தார்கள். வேகமாக வாசித்தால் வயலினின் நுணுக்கமான சுருள்கள் எல்லாம் தேய்ந்துபோய், கைக்குச் சிரமமும் காதுக்குக் குழப்பமும்தான் மிச்சம். உடனே, பாருங்கள், மோசமாக எழுதியிருக்கிறார் என்பார்கள். 1990களில் வயலின் கலைஞர் கிடோன் கிரேமர், ஹார்னன்கோர்ட் ஆர்கெஸ்ட்ராவை நடத்த, குறிப்பிட்ட மெதுநடையிலேயே பதிவு செய்தார். கேட்ட பலருக்கு அது வேறு படைப்பாகத் தெரிந்தது. அரண்மனை ஊர்வலம் மாதிரி ஆர்கெஸ்ட்ரா நிதானமாக நடக்கிறது, வயலின் அதன் மேல் கொடிபோலப் படர்கிறது. முன்னால் நின்று சாகசம் காட்டுவது அதன் வேலையே இல்லை.

நம்மவர்களுக்கு இது சுலபமாகப் பிடிபடும் என்பது என் அனுபவம். தீட்சிதர் கிருதிகளைச் சௌக்க காலத்தில் கேட்டு வளர்ந்த காதுக்கு, மெதுவாகப் போனால் சரக்கு தீர்ந்துவிட்டது என்று தோன்றாது. அந்த நிதானத்தில்தான் ராகத்தின் அசைவு தெரியும் என்று சபாவில் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பாட்டியும் சொல்வார். இங்கே என்னிடம் வந்த ஒரு வயலின் மாணவன், வீட்டில் கர்நாடக சங்கீதம், வெளியில் கிரேடு தேர்வு என்று இரண்டையும் படித்தவன், கிரேமரின் பதிவைக் கேட்டுவிட்டு இதில் என்ன சார் பிரச்சினை என்று கேட்டான். அவனுக்கு யோவாகிமின் கடிதம் தெரியாது. தெரியாததே அவனுக்கு நல்லதாகப் போயிற்று.

கிரேமருக்குப் பிறகு இசபெல் ஃபாஸ்ட், கோபாச்சின்ஸ்காயா என்று முன்னணிக் கலைஞர்கள் வரிசையாகப் பதிவு செய்தார்கள். செல்லோ உலகில் ஸ்டீவன் இஸர்லிஸ் பிற்கால ஷூமானுக்காக ஓயாமல் வாதாடியிருக்கிறார். ஹங்கேரி இசையமைப்பாளர் கூர்டாக், 1853இன் 'தேவதைக் கதைகள்' படைப்பில் ஷூமான் சேர்த்த அதே மூன்று வாத்தியங்களுக்கு (கிளாரினெட், வியோலா, பியானோ) 1990இல் ஷூமானுக்கு ஒரு வணக்கம் எழுதினார். 20ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர்களுக்கு, ஒரு சின்னத் துணுக்கைச் சுற்றிச் சுற்றி வருவதும் முடிச்சவிழாமல் நிற்பதும் குறையாகப் படவில்லை. அவர்களே அப்படி எழுதிக்கொண்டிருந்தார்கள். பழைய விமர்சகருக்குக் களைப்பாகத் தெரிந்தது இவர்களுக்குச் சிக்கனமாகத் தெரிந்தது.

ஆய்வாளர்கள் பக்கத்திலும் வேலை நடந்தது. எண்டனிஷ் மருத்துவக் குறிப்புகள் 1990களில் வெளிச்சத்துக்கு வந்து, 2006இல் முழுமையாக அச்சாயின. ஜான் டவேரியோ 1997இல் எழுதிய வரலாறும், லாரா டன்பிரிட்ஜ் 2007இல் பிற்காலப் பாணியைப் பற்றியே எழுதிய நூலும் சரிவுக் கதையை நேருக்கு நேர் கேள்வி கேட்டன. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு எளிய விஷயம். 1845இலிருந்து தன் எழுதும் முறை மாறியதை ஷூமானே குறித்துவைத்திருக்கிறார். அதுவரை பியானோ முன் உட்கார்ந்து விரலில் வந்ததை எழுதியவர், அப்புறம் எல்லாவற்றையும் மனத்துக்குள் வைத்து உருவாக்கினார். அந்த ஆண்டு கிளாராவோடு சேர்ந்து பாக் பாணிக் குரல்பின்னலை (பல மெட்டுகள் ஒரே நேரத்தில் பின்னி ஓடும் முறை) ஆழமாகப் படித்தார். பிற்கால இசையின் அடர்த்தி, நடுஸ்தாயியில் எல்லாக் குரல்களும் நெருங்கிப் பேசுவது, ஒரே துணுக்கிலிருந்து முழுப் பகுதியும் முளைப்பது இவற்றுக்கெல்லாம் இந்தப் படிப்பு ஒரு நேரடிக் காரணம். மருத்துவரைக் கூப்பிடத் தேவையே இல்லை.

இப்போது எதிர்ப்பக்கக் கிறுக்கைப் பற்றி. கடந்த இருபது முப்பது வருடங்களில் ஊசல் மறுகோடிக்குப் போய்விட்டது. 'விளிம்பிலிருந்து வந்த குரல்', 'உடையும் மனத்தின் ஒளி' என்றெல்லாம் குறிப்புகளில் வருகிறது. கோரக் கதைக்கு டிக்கெட் விற்கும் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இதுவும் இசையைக் கேட்காமல் தப்பிக்கும் வழி. அந்தத் தேவதை மெட்டின் மேல் அவர் எழுதிய கடைசி மாறுபாடுகளைக் கேட்டால் அதில் பித்து எங்கே இருக்கிறது? ஒரு அமைதியான மெட்டு, அதற்கு ஒழுங்கான ஐந்து மாறுபாடுகள். ரைனிலிருந்து மீட்கப்பட்ட மறுநாள் நகலெடுத்து முடித்தார் என்ற செய்தி நமக்குத் தெரிந்திருப்பதால்தான் ஒவ்வொரு ஸ்வரத்திலும் நடுக்கம் கேட்கிறது. அந்தச் செய்தியை மறக்கச் சொல்லவில்லை, முடியவும் முடியாது. ஆனால் அதையே மதிப்பெண்ணாகப் போடக் கூடாது.

எல்லாமே உயர்ந்தவை என்று சொன்னால் பொய். பாக்கின் தனி வயலின் படைப்புகளுக்கு 1853இல் ஷூமான் எழுதிச் சேர்த்த பியானோ பகுதி எனக்குச் சுத்தமாகத் தேவையற்றது, பலமுறை வாசித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். (பாக்கின் செல்லோ சூட்களுக்கும் எழுதினார். மூன்றாவது மட்டும் வேறொருவர் எடுத்த நகலில் பிழைத்தது.) 'ஜூலியஸ் சீசர்' முன்னிசை சத்தம் அதிகம், விஷயம் குறைவு. பாடகர்களுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் அவர் எழுதிய நீண்ட கதைப்பாடல்களில் சில வரிகளைத் தவிர நிற்பது கொஞ்சம்தான். டி மைனர் சிம்பொனியில் 1841இன் முதல் வடிவம் நல்லதா, 1851இன் கனத்த திருத்தம் நல்லதா என்ற சண்டை பிராம்ஸ் காலத்திலிருந்தே நடக்கிறது. பிராம்ஸ் பழைய வடிவத்தை 1891இல் கிளாராவின் விருப்பத்தை மீறி அச்சிட்டார். இதில் நான் பிராம்ஸ் கட்சி. ஆனால் இரண்டு வயலின் சொனாட்டாக்கள், 'விடியற்காலைப் பாடல்கள்', ஸ்காட்லாந்து ராணி மேரியின் பெயரிலான கவிதைகளுக்கு 1852இல் எழுதிய ஐந்து பாடல்கள், இவற்றை ஷூமானின் எந்தக் காலத்துப் படைப்போடும் தயங்காமல் வைப்பேன். அந்த ஐந்து பாடல்களில் பியானோவுக்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. தேர்வில் மதிப்பெண் தேடும் பாடகர்கள் தொட மாட்டார்கள். இழப்பு அவர்களுக்கு.

சிங்கப்பூரில் இதையெல்லாம் நேரில் கேட்பது கொஞ்சம் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. பெரிய ஆர்கெஸ்ட்ராக்கள் ஷூமான் என்றால் பியானோ கான்செர்ட்டோ, ரைனிஷ், செல்லோ கான்செர்ட்டோ என்றுதான் முதலில் போவார்கள், எங்குமே அப்படித்தான். 'தேவதைக் கதைகள்' மாதிரி மூன்று பேர் படைப்புகளைக் கேட்க எஸ்பிளனேடின் பெரிய அரங்கத்தைவிட விக்டோரியா அரங்கம் ஏற்றது. கென்ட் ரிட்ஜில் யோங் சியூ டோ இசைக்கல்லூரி மாணவர்களின் நிகழ்ச்சிகளையும் கவனித்துக்கொண்டே இருங்கள். இளைஞர்கள் இந்தப் படைப்புகளைத் துணிந்து எடுக்கிறார்கள். மகளையும் அழைத்துப் போங்கள்.

கடைசியாக, அந்தச் செல்லோ கான்செர்ட்டோ. ஆறு மாதம் தாராளமாகச் செலவழிக்கலாம், டீச்சர் நல்லதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார். ஷூமான் உயிரோடு இருந்தபோது இது மேடை ஏறவே இல்லை. 1860இல் ஓல்டன்பர்க் நகரில்தான் முதலில் வாசித்தார்கள். பாக்மூல் என்ற ஃபிராங்க்ஃபர்ட் செல்லோக்காரர் இங்கே மாற்று, அங்கே மாற்று என்று விடாமல் கேட்டுப் பார்த்தார், ஷூமான் இறங்கி வரவில்லை. மூன்று பகுதிகளும் இடைவெளி இல்லாமல் ஓடும், நடுவில் கைதட்ட இடமில்லை. ஆர்கெஸ்ட்ரா மெல்லியது. அது பலவீனம் என்று நினைத்து ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச் 1963இல் அதற்குப் புதிதாக வாத்திய அமைப்பு எழுதினார். கேட்டுப் பார்க்கலாம், எனக்குப் பழையதே போதும், அந்த மெலிவில்தான் செல்லோ குரலை உயர்த்தாமல் பேச முடிகிறது.

முதல் பகுதியில் மாணவர்கள் வழக்கமாகச் செய்வது, ஆரம்ப மெட்டை ஒரே மூச்சில் இழுத்து அழ வைப்பது. ஷூமான் தலைப்பில் கேட்டிருப்பது மிக வேகம் வேண்டாம் என்பதை மட்டும்தான், அழச் சொல்லவில்லை. முதல் மூன்று ஆர்கெஸ்ட்ரா ஒலிகளைப் பியானோவில் யாராவது வாசிக்க, மகளை அதன் மேல் வெறுமனே பாடச் சொல்லுங்கள், வில் இல்லாமல். மூச்சு எங்கே எடுக்கிறாளோ அங்கேதான் வில்லையும் திருப்ப வேண்டியிருக்கும், டீச்சர் போட்ட குறிகளோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளட்டும். மெட்ரோனோமைக் குறிப்பிட்ட வேகத்திலேயே வைத்துப் பழகட்டும். ஆடிஷனில் கூட வாசிப்பவர் ஆர்கெஸ்ட்ரா பகுதியில் அவசரப்பட்டால், நிறுத்தி, மெதுவாக என்று சொல்லும் தைரியமும் அவளுக்கு வேண்டும். எங்களைப் போன்றவர்கள் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டோம்.